ஸ்டாக் பாலி: ரெண்டாயிரம் அடிதானே?

கேள்வி: எனக்கு 58 வயது. புவியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊர் போளூர். மகளும் மருமகனும் ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோவில் வேலை பார்க்கிறார்கள். வருகிற ஜூன் மாதம் அவர்களிடம் போகிறேன். வடக்கே உல்லாப்பூல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஸ்டாக் பாலி என்று ஒரு மலை இருக்கிறதாம், அதில் என்னை ஏற்றிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். உயரம் 612 மீட்டர். கணக்குப் போட்டால் ரெண்டாயிரம் அடிதான் வருகிறது. நான் பர்வதமலையைப் பல தடவை ஏறியவள், அதுவும் செருப்பில்லாமல். கடப்பாறை நெட்டையெல்லாம் பார்த்தாகிவிட்டது. அதில் பாதிகூட இல்லாத ஒரு குன்றுக்கு மகள் தினமும் போன் செய்து “ஷூ வாங்கினியா, மழைக்கோட்டு வாங்கினியா” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். மருமகனோ, உச்சியைத் தொடாமல் திரும்பினால் ஏறினதாகவே கணக்கில்லை என்கிறார். இறங்கும்போது மட்டும் எனக்கு முழங்கால் கொஞ்சம் வலிக்கும், மற்றபடி தொந்தரவு இல்லை. நான் இந்த மலைக்குப் போகலாமா? எப்படித் தயாராக வேண்டும்? இன்னொன்று: படத்தில் பார்த்தால் உச்சி இடிந்த கோட்டை மதில் மாதிரி இருக்கிறது. அது என்ன கல்?
— வாசகி, போளூர்

பதில்: தாராளமாகப் போகலாம். மகள் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். மருமகன் சொல்வதில் பாதியை அன்போடு விட்டுவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

உயரத்தை வைத்து மலையை எடைபோடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம்தான். ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு அது நம்மைவிட அதிகம். 1891-இல் சர் ஹ்யூ மன்றோ என்பவர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியல் போட்டார். இன்றைக்கு அந்தப் பட்டியலில் 282 மலைகள் இருக்கின்றன. அத்தனையையும் ஏறி முடிப்பதையே வாழ்நாள் லட்சியமாக வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு. ஸ்டாக் பாலி அதில் சேராது. அதற்கு அடுத்த பட்டியலிலும் சேராது. அதற்கும் அடுத்த பட்டியலில்தான் வருகிறது, அதுவும் அடிமட்டத்தைத் தொட்டுக்கொண்டு. ஆனால் நல்ல வெயில் அடிக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. மூவாயிரம் அடி மலைகள் பலவற்றில் புல்மேட்டை மிதித்துக்கொண்டே உச்சிக்குப் போய்விடலாம். இந்த ரெண்டாயிரம் அடிக் குன்றின் உச்சியோ, பிரிட்டன் பெருநிலத்தில் எட்டுவதற்குக் கடினமான உச்சிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது. நம்மிடமும் உதாரணம் இருக்கிறது: தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஆனால் உச்சிவரை காரில் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வரலாம்.

புவியியல் டீச்சரிடம் அட்சரேகை பற்றிப் பேசுவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊட்டி இருப்பது 11 டிகிரியில். உல்லாப்பூல் கிட்டத்தட்ட 58 டிகிரியில், மாஸ்கோவையும் விட வடக்கே. அட்லாண்டிக் கடல் கூப்பிடு தூரத்தில். கடலிலிருந்து வரும் காற்றுக்கும் இந்த மலைக்கும் நடுவே தடுக்க எதுவும் கிடையாது. ஜூன் மாதத்தில் உல்லாப்பூலில் பகல் வெப்பம் 15 டிகிரி இருந்தால் மேலே 11 இருக்கும். அது பெரிய குளிர் இல்லை. ஆனால் நனைந்த துணியோடு, வேகமாக அடிக்கிற காற்றில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், அப்போது தெரியும். பர்வதமலையில் உங்களுக்குச் சோதனை வியர்வையும் தாகமும். இங்கே ஈரமும் காற்றும். ஒன்றில் தேறியவர் இன்னொன்றிலும் தேறிவிடுவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

மகள் ஷூ ஷூ என்று சொல்வது இதனால்தான். வெறுங்கால் பழக்கம் உங்களுக்குப் பலம், மறுக்கவில்லை. ஆனால் பக்தியோடு ஏறுகிற மலையின் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். வழி நெடுக ஈரக்கல், நடுநடுவே கரிச்சேறு. கணுக்காலை மூடுகிற, அடியில் ஆழமான பள்ளங்கள் உள்ள ஷூ வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே வாங்கிக் காய்கறிக் கடைக்குப் போகும்போதெல்லாம் அதையே போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டார் சிரித்தால் சிரிக்கட்டும். புது ஷூவோடு மலைக்குப் போய்க் குதிகாலில் கொப்புளம் வந்தால் உங்களால் சிரிக்க முடியாது. உடை விஷயத்தில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். நம் ஊருக்கு அதைவிட நல்ல துணி கிடையாது, ஆனால் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். சுடிதார்தான் வசதி என்றால் சீக்கிரம் காய்கிற செயற்கை இழைத் துணியில் போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே மெல்லிய கம்பளி பனியன், மேலே தண்ணீர் புகாத கோட்டும் அதே வகைக் கால்சட்டையும். கோட்டு மட்டும் போதும் என்று நினைக்கிறவர்கள் தொடை நனைந்து நடுங்குவார்கள். தொப்பியும் கையுறையும் ஜூனிலும் பையில் இருக்கட்டும். குடையை மட்டும் மறந்தும் எடுத்துப் போகாதீர்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போவதை நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

இப்போது வழி. கிளாஸ்கோவிலிருந்து ஒரே நாளில் போய்வரத் திட்டமிடாதீர்கள். மருமகன் ஓட்டிக் களைத்துவிடுவார். உல்லாப்பூலில் ஒரு ராத்திரி தங்குங்கள். 1788-இல் மீன்பிடித் தொழிலுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய சிறிய துறைமுக ஊர். தெருக்கள் நேராக, வீடுகள் வெள்ளையாக இருக்கும். காலையில் கழிப்பறை வேலையெல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு வடக்கே ஏ835 சாலையில் போனால், பதினைந்து பதினாறு கிலோமீட்டரில் ட்ரம்ரூனி என்ற இடத்தில் இடது பக்கம் ஒரு சிறு சாலை பிரியும். ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிர்வண்டிக்கு ஒதுங்குவதற்கென்று அங்கங்கே சாலையை அகலப்படுத்தி வைத்திருப்பார்கள். படம் எடுக்க அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினால் உள்ளூர்க்காரர்கள் கோபப்படுவார்கள், கோபம் நியாயமானது. லாக் லர்கைன் என்ற ஏரியை ஒட்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் மலையின் காலடியிலேயே வண்டி நிறுத்துமிடம் வந்துவிடும்.

சாலையைக் கடந்தால் பாதை தொடங்குகிறது. முதலில் பிர்ச் மரங்கள் கொஞ்சம். அதைத் தாண்டினால் மரமே கிடையாது, ஹெதர் புதரும் புல்லும்தான். பழைய நாளில் ஆட்கள் சாலையிலிருந்து தெற்குச் சரிவில் நேராகவே ஏறிவிடுவார்கள். அத்தனை கால்களும் மழையும் சேர்ந்து அந்தச் சரிவை அரித்துப் புண்ணாக்கிவிட்டன. பிறகு அந்த வழியை ஆறவிட்டு, மலையைச் சுற்றிக்கொண்டு போகிற பாதையைக் கல் பதித்துப் போட்டார்கள். மேலே போனதும் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போங்கள். கிழக்கு முனையைச் சுற்றி, மலையின் பின்புறமான வடக்குச் சரிவுக்கு அது கொண்டுபோய் விடும். அங்கிருந்து செங்குத்தாக ஏறினால் மலை முதுகின் நடுவே உள்ள தாழ்வான கணவாய்க்கு வந்து சேர்வீர்கள். இதுவரை கையை எங்கும் ஊன்ற வேண்டியதில்லை. மூச்சு வாங்கும், அவ்வளவுதான்.

மொத்தச் சுற்று நாலரை கிலோமீட்டர் சுமாருக்கு. ஏற்றம் ஏறக்குறைய 500 மீட்டர். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிட 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன ஒரு சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இன்றைய அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. இந்த மலைக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். நெய்ஸ்மித் எங்கும் உட்கார மாட்டார், டீ குடிக்க மாட்டார், படம் எடுக்க மாட்டார். ஆகவே நீங்கள் அதை இரட்டிப்பாக்கி மேலே ஒரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. இதே மலைக்கு டிசம்பரில் வந்தால் மாலை நாலுக்குள் இருட்டிவிடும். அப்போது என் பதிலே வேறு.

கணவாயில் நின்றதும்தான் உங்கள் மருமகனின் கேள்வி எழும். கிழக்கே ஒரு முனை, மேற்கே ஒரு முனை. கிழக்கு முனை கொஞ்சம் தாழ்வு. இரண்டொரு இடத்தில் கையை ஊன்றிப் போய்விடலாம். காற்று குறைவாக இருந்தால் உங்களுக்கு அது சிரமமாக இருக்காது. 612 மீட்டர் என்று வரைபடம் சொல்கிற உச்சி மேற்கு முனை. அங்கே போகிற வழியில் கற்கோபுரங்களுக்கு நடுவே புகுந்து, சிலவற்றைச் சுற்றிக்கொண்டு, சிலவற்றின் மேலேறிப் போக வேண்டும். ஏறக்குறைய போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிற இடத்தில் ஒரு பாறை குறுக்கே நிற்கும். சில மீட்டர்தான் உயரம். பிடிக்கவும் மிதிக்கவும் இடம் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் பள்ளம். கால் நழுவினால் காயத்தோடு முடிகிற இடம் இல்லை அது. பாறையேறிப் பழகியவர்கள் ஒரு நிமிஷத்தில் தாண்டிப் போவார்கள். பழகாதவர்கள் ஏறியும் விடுவார்கள், அதுதான் ஆபத்து. திரும்பி இறங்கும்போது கால் வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது. ஏற்றிவிட்ட துணிச்சல் இறக்கிவிடாது.

கடப்பாறை நெட்டு ஏறியவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பாறையில் இரும்பு அடித்து வைத்திருக்கிறார்கள். கை பிடித்தது பெயர்ந்து வராது என்ற நம்பிக்கையில் ஏறுகிறோம். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், வாயில் சிவநாமம். ஸ்டாக் பாலியில் ஒரு ஆணிகூடக் கிடையாது. மலையில் இரும்பு அடிப்பதை இந்த நாட்டு மலையேறிகளின் மரபு விரும்புவதில்லை. எந்தக் கல் உறுதி, எது ஆடும் என்று கையால் தட்டிப் பார்த்து நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே மேற்கு முனை உங்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. மருமகனுக்குப் பாறையேற்றப் பழக்கம் இல்லையென்றால் அவருக்கும் வேண்டாம்.

உச்சியைத் தொடாவிட்டால் கணக்கில்லை என்கிறாரே, அதற்கும் பதில் சொல்கிறேன். பர்வதமலையில் பாதி வழியில் திரும்பினால் மனசு கேட்காது. மேலே சாமி இருக்கிறது, தரிசனம் பாக்கி. இந்த மலையின் மேற்கு முனையில் கல்லைத் தவிர எதுவும் இல்லை. பார்க்க வேண்டியதெல்லாம் கணவாயிலும் கிழக்கு முனையிலுமே தெரிந்துவிடுகிறது. தெற்கே காலடியில் லாக் லர்கைன் ஏரி. மேற்கே கடலில் சம்மர் தீவுகள். கிழக்கே கூல் பெக், கூல் மோர் என்று இரண்டு பெரிய மலைகள். வடக்கேதான் நீங்கள் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறீர்கள். ஊர் இல்லை, வயல் இல்லை. சிறிதும் பெரிதுமாக எண்ண முடியாத அளவுக்கு நீர்நிலைகள். அதற்கு நடுவே, எந்த மலைத்தொடரோடும் சேராமல் தனியே எழும்பி நிற்கிற ஸுல்வன் மலை. கணவாய்க்கு வருவதற்கு முன்பே, எதுவரை போவது என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்துவிடுங்கள். மேலே காற்றில் நின்று பேசினால் துணிச்சல்காரர் பேச்சுதான் எடுபடும்.

அந்தக் காற்றைப் பற்றி. மலை வானிலைக்கென்றே எம்.டபிள்யூ.ஐ.எஸ் என்ற சேவை அங்கே இருக்கிறது. ஊரில் என்ன மழை என்பதை விட்டுவிட்டு உச்சியில் காற்று எவ்வளவு, மேகம் எந்த உயரத்தில் என்பதைச் சொல்லும். முந்தின நாள் மாலை மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் காற்று என்றால் கணவாய்க்கே போக வேண்டாம். மலையைச் சுற்றி வருகிற பாதை மட்டும் போதும், அதுவே நல்ல நடை. கணவாயில் இருக்கும்போது மேகம் இறங்கிவிட்டால் வந்த வழியிலேயே, அதாவது வடக்குப் பக்கமே இறங்க வேண்டும். மேலே ஏறிவந்து நின்றதும் ஒரு தடவை திரும்பிப் பார்த்து அந்த இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே செங்குத்தான சரிவுகளில் பழைய தடங்கள் இன்னும் பாதை போலவே கண்ணுக்குத் தெரியும். கார் நிற்கிற பக்கம் அதுதானே என்று அதில் இறங்கிவிட ஆசை வரும். இறங்காதீர்கள்.

முழங்காலுக்கு வருவோம். ஏற்றத்துக்குப் பழகுவதை எல்லாரும் செய்கிறார்கள், இறக்கத்துக்கு யாரும் பழகுவதில்லை. வலிப்பதோ இறங்கும்போது. கிரிவலம் சுற்றினால் மூச்சுக்கு நல்லது, முழங்காலுக்கு அது பயிற்சி ஆகாது. தினமும் மாடிப்படியில் மெதுவாக, கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கிப் பழகுங்கள். வலி கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கே போனதும் மடக்கக்கூடிய நடைக்கோல் ஒரு ஜோடி வாங்கித் தரச் சொல்லுங்கள். பதித்த கற்கள் ஒரே உயரமாக இருக்காது, இறங்கும்போது கோல் சுமையில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். கிழக்கு முனைக்குப் போகும்போது மட்டும் மடக்கிப் பையில் வையுங்கள், அங்கே இரண்டு கையும் வேண்டும். சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள், பிளாஸ்க்கில் டீ. பொட்டலத் தாளைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலம் யாருடையதானாலும் பொறுப்போடு நடந்து போகிற உரிமை எல்லாருக்கும் உண்டு, உங்களுக்கும் உண்டு. அந்தப் பொறுப்பில் இந்தப் பொட்டலத் தாளும் அடக்கம்.

பூச்சிகள் இரண்டு. மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி ஜூனில் கூட்டம் கூட்டமாக வரும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கடி தெரியும். லேசான காற்று அடித்தாலே அதனால் பறக்க முடியாது. ஆகவே வண்டியிலிருந்து இறங்கி ஷூ மாட்டுகிற பத்து நிமிஷம்தான் கஷ்டம், மேலே போகப்போக விட்டுவிடும். முகத்தை மூடுகிற வலை மலிவாகக் கிடைக்கும். இன்னொன்று உண்ணி. நம் ஊர் மாட்டில் பார்ப்பதைவிடச் சின்னது, கசகசா அளவிலும் இருக்கும். லைம் நோய் பரப்பும். அறைக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் விடுவது, சூடு காட்டுவது எல்லாம் கூடாது. தோலை ஒட்டிச் சிறு இடுக்கியால் பிடித்து நேராக இழுத்து எடுங்கள். அடுத்த சில வாரங்களில் அந்த இடத்தில் சிவப்பாக வட்டம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அவசரம் என்றால் 999. முதலில் போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு வாங்குவதில்லை. போன் எடுக்காத இடங்கள் உண்டு, ஆகவே விசில் ஒன்று கழுத்தில் தொங்கட்டும். நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு.

கடைசியாக அந்தக் கல். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அது டாரிடன் மணற்கல். நூறு கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தில் மரமோ புல்லோ தோன்றாத காலத்தில், ஆறுகள் அடித்துவந்து கொட்டிய மணல். இரும்புத் துருவால் செந்நிறம். அடுக்குகள் இன்னும் ஏறக்குறையப் படுக்கைவசமாகவே கிடக்கின்றன. படுக்கை அடுக்கில் செங்குத்து வெடிப்புகள் விழுந்து, அந்த வெடிப்பில் தண்ணீர் புகுந்து உறைந்து உடைத்துக்கொண்டே வந்ததால்தான் உச்சி படத்தில் நீங்கள் பார்த்தபடி இருக்கிறது. கணவாயில் உட்காரும்போது கல்லை உற்றுப் பாருங்கள், உள்ளே உருண்டையான கூழாங்கற்கள் பதிந்திருக்கும். இந்த மணல் வந்து விழுந்தபோதே கீழே இருந்த தரை பழையது. ஸுல்வனைச் சுற்றி மேடும் பள்ளமுமாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறதே, அது லூயிஸ் நைஸ் பாறை. அதன் பழைய பகுதிகளுக்கு வயது முந்நூறு கோடி ஆண்டுகள். இரண்டுக்கும் நடுவே இருநூறு கோடி ஆண்டுக் கணக்கு காணாமல் போயிருக்கிறது. அரிமானம் தின்றுவிட்டது.

மழை விடாமல் பெய்து மலைக்கே போக முடியாத நாளாக அமைந்தால் வருத்தப்படாதீர்கள். அதே ஏ835 சாலையில், உல்லாப்பூலிலிருந்து இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் நாக்கன் க்ராக் என்ற பாறைச்சரிவு இருக்கிறது. சாலையை ஒட்டியே ஏறிவிடலாம். கீழே 50 கோடி ஆண்டுச் சுண்ணாம்புக்கல், அதன் தலைமேல் அதைவிட மிகப் பழைய மோயின் பாறை. பழையது கீழே, புதியது மேலே என்றுதான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். இங்கே தலைகீழ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதை வைத்து நிலவியலாளர்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டார்கள். பென் பீச், ஜான் ஹார்ன் என்ற இருவர் மலை மலையாக நடந்து வரைபடம் தயாரித்து, பழைய பாறை பக்கவாட்டில் தள்ளப்பட்டுப் புதியதன் மேல் ஏறியிருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அடங்கியது. அவர்கள் அறிக்கை 1907-இல் வந்தது. இருவருக்கும் அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். இரண்டு பாறைகளும் சந்திக்கிற கோடு பாதை ஓரத்திலேயே தெரியும். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்துப் பார்க்கலாம். மருமகன் அங்கே எந்த உச்சியையும் கேட்க மாட்டார்.